போர்ட்: துறையா, வாயா?

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில், ஒரு செல்போன் கடை. "சார்ஜிங் போர்ட்ல ஏதோ அடைச்சிருக்கு சார்" என்றார் கடைக்காரத் தம்பி. அடுத்து நின்றவரிடம், "நம்பரைப் போர்ட் பண்ணணும்னா ஆதார் எடுத்துட்டு வாங்கண்ணே." அந்தப் பக்கம் போனால் துறைமுகம், அதுவும் போர்ட்தான்.

ஒரே சொல் மாதிரி தெரிகிறது, இல்லை. லத்தீனில் 'போர்ட்டுஸ்' துறைமுகம், 'போர்ட்டா' வாயில், 'போர்ட்டாரே' சுமந்து செல்வது. தூரத்து வேர் ஒன்றுதான் என்றாலும் லத்தீனிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டவை. ஆங்கிலத்தில் வால் அறுந்து மூன்றும் 'போர்ட்' ஆயின.

முதலாவது நமக்குப் பழைய விருந்தாளி. பரங்கிப்பேட்டையின் இன்னொரு பெயர் போர்ட்டோ நோவோ. போர்ச்சுகீசிய மொழியில் புதிய துறைமுகம். புதுச்சேரிக் கடைகளில் தெரிந்த போர்ட் ஒயினும் போர்ட்டோ நகரத்தின் பெயரைச் சுமப்பதுதான். கப்பலின் இடப்பக்கமும் போர்ட். அந்தக் காலத்துச் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால், இடப்பக்கத்தைத்தான் கரையோடு அணைத்துக் கட்டினார்கள். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை அந்தப் பெயரை ஆணையாகவே போட்டது.

செல்போனில் இருப்பது இரண்டாவது, வாயில். கணினிக் கலைச்சொல்லில் அதையும் 'துறை' என்று பெயர்த்துவிட்டார்கள். யு.எஸ்.பி. துறை என்றால் மீன்வளத் துறைக்குப் பக்கத்து அலுவலகம் போலக் கேட்கிறது. 'செருகுவாய்' போதும். தம்பி ஊசியால் குடைந்தபோது உதிர்ந்தது தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணல். வாயில்தானே மணல் அடைக்கும்?

ஆனால் துறையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆற்றில் இறங்கி ஏறத் தோதான இடம்தான் துறை. குளிக்க ஒரு துறை, துணி வெளுக்க ஒன்று, தோணி ஏற ஒன்று. பிரிவு என்ற பொருளும் அதற்கு உண்டு: இலக்கணத்தில் திணைக்குள் துறை, அரசாங்கத்தில் வருவாய்த் துறை. இணைய சர்வருக்குள் இருக்கும் போர்ட்டும் இதே கதைதான். அங்கே ஓட்டை எதுவும் கிடையாது, 65,535 வரை வெறும் எண்கள். பாதுகாப்பான வலைப்பக்கம் 443-இல் இறங்கும், சர்வருக்குச் சர்வர் போகும் மின்னஞ்சல் 25-இல். ஆறு ஒன்று, ஆளுக்கொரு இறங்குமிடம். இங்கே 'துறை எண்' கச்சிதம்.

மூன்றாவது, நம்பரோடு கம்பெனி மாறுவது. நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்த வசதி. 'எண் மாற்றம்' என்றால் எண்ணே போய்விடும். 'எண்பெயர்ப்பு' என்பேன், மொழிபெயர்ப்பு மாதிரி: சரக்கு அதேதான், இருப்பிடம் வேறு. கடையில் அப்படிக் கேட்டால் தம்பி முழிப்பார், அது வேறு விஷயம்.