டெங்கு விட்ட பிறகு கண் ஆடினால்

டெங்கு என்றால் நம்ம ஊரில் எல்லோர் கண்ணும் பிளேட்லெட் மேல்தான். அது ஏற ஆரம்பித்ததும் டிஸ்சார்ஜ், வீட்டில் பப்பாளி இலைச் சாறு, அப்புறம் நிம்மதி. நரம்பியல் மருத்துவரான என்னிடம் சிலர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள், காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, "எதிர்ல வர்ற பைக் ரெண்டா தெரியுது டாக்டர்", "நடந்தா தள்ளுது" என்று. அதுவரை வீட்டில் அதைக் காய்ச்சல் அசதி என்றே நினைத்திருப்பார்கள்.

வைரஸை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்புச் சக்தி, அபூர்வமாகச் சிலருக்கு நரம்புகளையே தாக்கிவிடும். சிக்குன்குனியா, ஜிகாவுக்குப் பிறகும் இது நடக்கும்.

பார்த்ததும் குடும்பமே பயந்துபோவது ஆப்சோகுளோனஸ் என்ற நிலைக்குத்தான். இரண்டு கருவிழிகளும் சேர்ந்தாற்போல மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கண்டபடி துள்ளும், கண்ணை மூடினாலும் இமைக்கு அடியில் அது ஓடுவது தெரியும், கூடவே கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், பேச்சு குளறும், ஆனால் நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதால் இதை வலிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. (வெறும் இமை துடிப்பு வேறு சங்கதி. அதற்குப் பலன் பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் வர வேண்டாம்.) டெங்குவுக்குப் பின் வரும் ஆப்சோகுளோனஸ் பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது விழி அசையாமல் நின்றுபோனால்தான். மில்லர் ஃபிஷர் சிண்ட்ரோமில் விழி அசைவு குறையும், நடை தள்ளாடும், முட்டியில் தட்டினால் கால் உதறாது. இது, நோய் எதிர்ப்புச் சக்தி கை கால் நரம்புகளைத் தாக்கும் கியான் பாரே நோயின் ஒரு வகை. சிலருக்குக் கை கால் பலவீனம், விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல் வரை போகலாம். கியான் பாரேவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உதவாது, ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தோ, ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையோதான் உதவும், அதனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையும் விழுங்காதீர்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டைப் பார்வை மறைந்தால், விழிகள் ஒன்றாக அசையவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பார்வை நடுவில் மங்கலோ கரும்புள்ளியோ இருந்தால் அது விழித்திரை சமாச்சாரம், கண் மருத்துவரிடம் போங்கள். விழி ஆடுவதை மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டு வாருங்கள். காய்ச்சல் ஆரம்பித்த தேதி அதில் இருக்கும். விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஐசியு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரட்டைப் பார்வை இருக்கும்வரை வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.