படகு ஏன் வாலாட்டுகிறது?

மினசோட்டாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கோடையில் மில் லாக்ஸ் ஏரிக்குப் படகை இழுத்துப்போக வேண்டும். இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு வாத்து வேட்டை, மான் வேட்டை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிக்கப் டிரக் பார்த்து வைத்திருக்கிறேன். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பவர். என் படகு டிரெய்லரோடு சேர்த்தே 5,000 பவுண்டுதான். தாராளமாகப் போதும்தானே?”

பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டுமே 11,842 இருக்கிற மாநிலம் அது. படகும் டிரக்கும் அங்கே வீட்டுச் சாமான் மாதிரி. கேள்விக்கு என் பதில்: இழுக்கும், ஆனால் போதாமல் போகலாம்.

11,000 என்ற எண் பொய் இல்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுவான சோதனை முறை ஒன்று இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணைப் பக்கம் சுமார் 11 மைல் நீளும் ஏற்றத்தில், ஏசியை முழுவதும் ஓடவிட்டு, பாரத்தோடு மணிக்கு 40 மைல் வேகம் குறையாமல் ஏறவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. பின்தொட்டியில் வேட்டைச் சாமான் எதுவும் கிடையாது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் அதில் இருக்கும். 1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். உங்களையும் சேர்த்து நான்கு பேர், ஆளுக்கு 200 என்றால் 800. துப்பாக்கி, பொய்வாத்துகள், கூடாரம், ஐஸ் பெட்டி எல்லாம் 350. படகு டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச் மீது அழுத்துகிற பாரம் 500. மொத்தம் 1,650. விளம்பர எண்ணில் பாதியைக்கூடத் தொடவில்லை, அதற்குள் வண்டி நிரம்பி வழிந்துவிட்டது. கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை என்று வசதி கூடக்கூட ஸ்டிக்கரில் உள்ள எண் குறையும். ஆகவே விலைப்பட்டியலுக்கு முன்னால் அதைப் படியுங்கள். நான்கு சக்கர இழுவையும் வாங்கிவிடுங்கள். பாசி வழுக்கும் படகுத்துறைச் சரிவில் அது இல்லாமல் மேலே ஏறுவது பெரும்பாடு.

“அந்த 500 பவுண்டு அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் என்ன? படகைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் போயிற்றே?” என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இயற்பியலும் அங்கேதான் இருக்கிறது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். சுமை இருசுக்குப் பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கும், முன்னால் கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். ஆனால் மாடு மணிக்கு 60 மைல் வேகத்தில் போவதில்லை.

வேகத்தில் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்தேன். மகனின் பொம்மை லாரியின் பின்னால் ஒற்றை அச்சுப் பொம்மை டிரெய்லர் ஒன்றைக் கோத்து, லாரியின் மூக்கை நூலில் கட்டி, ஓடும் டிரெட்மில் மேல் விட்டேன். டிரெய்லரின் முன்பக்கம் இரண்டு இரும்பு நட்டுகளை வைத்து விரலால் பக்கவாட்டில் தட்டினால், இரண்டு முறை ஆடி நேராகிவிடும். அதே நட்டுகளைப் பின்பக்கம் மாற்றிவிட்டுத் தட்டினேன். ஆட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அகலமானது. நான்காவது வீச்சில் லாரியையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. எடை அதே எடை, வேகம் அதே வேகம்.

வேட்டைக்காரர்களுக்குச் சொல்ல ஓர் உவமை கையிலேயே இருக்கிறது: அம்பு. கனமான முனை முன்னால், இறகு பின்னால். பறக்கும்போது அம்பு கொஞ்சம் திரும்பினால் காற்று இறகைத் தள்ளி நேராக்கும். டிரெய்லருக்கு டயர்தான் இறகு. பாரம் டயருக்கு முன்னால் இருக்கும்வரை அது அம்பு. பாரம் டயரைத் தாண்டிப் பின்னால் போனால், இறகை முன்னால் வைத்து எய்த அம்பு.

டயர் எப்படி இறகாகிறது? படகு வலப்பக்கம் விலகினால், டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் விழுகிறது. ரப்பர் அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி பக்கவாட்டில் உந்தி, படகை நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகிறது. வந்த வேகத்தில் அது நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகும். கிடையாகப் படுத்த ஊஞ்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊஞ்சலை அடக்குவதும் அதே டயர்தான். படகு மணிக்கு 1 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசுகிறது, வண்டி 30 மைலில் போகிறது என்றால், அந்த வீச்சால் டயரில் கூடும் கோணம் முப்பது அடிக்கு ஓர் அடி விலகும் அளவு. அது வீச்சுக்கு எதிராகத் தள்ளி ஆட்டத்தைத் தணிக்கிறது. அதே வீச்சு 60 மைலில் நடந்தால் கோணம் அறுபது அடிக்கு ஓர் அடி விலகும் அளவுதான். அதாவது, நடுவுக்கு இழுக்கும் விசை அப்படியே இருக்க, ஆட்டத்தைத் தணிக்கும் விசை மட்டும் பாதியாகிவிட்டது! இதை முதன்முறை தாளில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை. வேகம் ஊஞ்சலின் கயிற்றைத் தொடுவதில்லை, பிரேக்கை மட்டும் கழற்றுகிறது.

அப்புறம் டிரக்கும் சேர்ந்துகொள்கிறது. ஹிட்ச் குண்டு இருப்பது டிரக்கின் பின்அச்சுக்கு இன்னும் பின்னால். படகு அதை இடப்பக்கம் இழுத்தால், நெம்புகோல் போல டிரக்கின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு வீச்சிலும் டிரக்கின் முன்னோட்டத்திலிருந்து கொஞ்சம் ஆற்றல் ஊஞ்சலுக்குப் போகிறது. பின்பாரம் ஹிட்சை மேலே தூக்கினால் டிரக்கின் பின்டயர்களும் பிடிமானம் இழக்கும். ஏதோ ஒரு வேகத்தில் ஊட்டும் ஆற்றல், தணிக்கும் ஆற்றலை மிஞ்சும். அதற்குமேல் ஒரு லாரி கடந்துபோகும் காற்று போதும். இதனால்தான் ஒரே திறனில் குட்டையான டிரக்கும் நீளமான டிரக்கும் இருந்தால் நீளமானதை வாங்குங்கள் என்கிறேன். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைவெளி கூடினால் அந்த நெம்புகோல் பலவீனமாகும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் எடையின் இடத்தை மாற்றி மாற்றி வைக்கக்கூடிய சோதனை டிரெய்லரைக் கட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூக்குப் பாரம், அச்சு இருக்கும் இடம், எடை எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்ற மூன்றும்தான் முக்கியம் என்று தெரிந்தது. இப்படிப் பளபளப்பில்லாத கேள்விகளுக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் நிறையப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் ஆசை. புது வண்டிக்குப் பூஜை போட்டு, டயரடியில் எலுமிச்சை வைத்து நசுக்குகிறவர்கள் மினசோட்டாவிலும் இருக்கிறார்கள். மனநிறைவுக்குச் செய்யட்டும். ஆனால் ஆட்டத்தைத் தணிக்க எலுமிச்சையால் முடியும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

படகுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 150 குதிரைத்திறன் எஞ்சின் 450 பவுண்டுக்கு மேல் கனக்கும். அது தொங்குவது கடைசிப் பின்கோடியில். மீன் உயிரோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் பல படகுகளில் பின்னால்தான். கிளம்புமுன் அதைக் காலிசெய்யுங்கள். தளர்வான சாமான்களை அச்சுக்குப் பக்கத்தில் குவியுங்கள்.

ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பி எதிர்க்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்து அடக்கும் வசதி பல டிரக்குகளில் உண்டு. ஆனால் தண்ணீரில் இறங்கும் படகு டிரெய்லர்கள் பலவற்றில் மின்பிரேக் இருக்காது. டிரக் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலே எண்ணெயை அழுத்திப் பிரேக் பிடிக்கும். அதைக் கையால் இயக்கமுடியாது.

சரி, மூக்குப் பாரத்தை அளப்பது எப்படி? பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். படகுகளில் இன்னும் கொஞ்சம் குறைத்தும் சொல்வதுண்டு. உங்கள் டிரெய்லரின் கையேடு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை எடைமேடை 500 பவுண்டைத் தாங்காது. அதனால் ஒரு கெட்டியான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், 3 அடி தள்ளி மறுமுனையை எடைமேடை மேலும் வையுங்கள். பலகையின் எடையால் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரின் மூக்கைச் செங்கலிலிருந்து 1 அடியில், எடைமேடையிலிருந்து 2 அடியில் இறக்குங்கள். மூன்றில் ஒரு பங்குதான் மேடைக்கு வரும். பலகைக்கானதைக் கழித்து மூன்றால் பெருக்குங்கள். 167 காட்டினால் சுமார் 500. எண் 80 அல்லது 90 என்று நின்றால், படகின் முகப்பைத் தாங்கும் வின்ச் கம்பத்தை ஒரு கை அளவு முன்னால் நகர்த்தி, படகையும் முன்னால் இழுத்து, மறுபடி எடை போடுங்கள்.