மோரிசன்ஸ் ஜிக்: மெட்டு ஒன்று, வாசிப்பு பல

அயர்லாந்து நடன இசையில் ‘ஜிக்’ ஒரு மெட்டு வகை. அதில் மோரிசன்ஸ் ஜிக் என்ற மெட்டு ரொம்பப் பிரபலம். ஆனால் அது மோரிசன் இயற்றியது அல்ல. அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த பிடில் கலைஞர் ஜேம்ஸ் மோரிசன், அதே நாட்டின் கெர்ரிப் பகுதிக்காரரான டாம் கார்மடி என்ற அக்கார்டியன் கலைஞரிடமிருந்து அதைக் கற்றார். கார்மடிக்கு அது அப்பா வழியில் வந்தது. அவர் சொன்ன பெயரும் வேறு, ‘அடுப்புத் திண்டின் குறுக்கே கிடக்கும் குச்சி’. 1936-இல் மோரிசன் இசைத்தட்டில் வாசித்தார். தட்டைக் கேட்டுக் கற்றவர்களிடம் அவர் பெயரே மெட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

பெயரை விடுங்கள், மெட்டே ஆளுக்கு ஆள் மாறுகிறதே, அது எப்படி? ஜிக்கின் நடை ‘தகிட தகிட’ என்று ஓடும். மேற்கத்திய இசையின் ‘இ’ (E) சுரத்தை சட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த மெட்டின் சுரங்கள் அப்படியே கரகரப்பிரியாவுடையவை. தொடக்கத்திலேயே ஒரு ‘இ’ முழுத் ‘தகிட’ நீளத்துக்கு நிற்கிறது. எழுதிய சுரக்குறிப்பில் அது ஒற்றைச் சுரம்தான், ஆனால் அதை வெறுமனே நீட்டிப் பிடிப்பவர்கள் குறைவு. பிடில்காரர் வில்லைச் சட்டென்று முன்னும் பின்னும் இழுத்து மூன்றாக வெட்டலாம், அக்கார்டியன்காரர் ஒரே பொத்தானை மூன்று விரல்களால் அடுத்தடுத்துத் தட்டலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புல்லாங்குழல்காரர் செய்வது. அயர்லாந்துக் குழலில் ஆறு துளைகள். ஆறையும் மூடினால் ‘டி’ (D) சுரம், கடைசி விரலை மட்டும் எடுத்தால் ‘இ’. ஊதுவதை நிறுத்தாமலே மேல் விரல் ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி மூடுகிறார், அப்புறம் கடைசித் துளையை ஒரு தட்டு தட்டுகிறார், அவ்வளவுதான், நீண்ட சுரம் மூன்று துடிப்பாகக் கேட்கிறது. இதற்கு ‘ரோல்’ என்று பெயர். சரி, இதையே அடி ‘டி’யில் செய்ய முடியுமா? முடியாது, எல்லாத் துளையும் ஏற்கெனவே மூடியிருக்கிறது, கீழே தட்ட விரல் மிச்சமில்லை. அதனால் மேல் விரல்களை மட்டும் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள். அதுதான் ‘க்ரான்’, இலியன் பைப் என்ற துருத்திக் குழலில் வளர்ந்த வித்தை.

ஆக, வாசிக்கிற கருவியும் விரலும் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றன. அதைக் காதால் பிடிக்கிறவர் அலங்காரத்தையும் மெட்டோடு சேர்த்தே கற்றுக்கொள்வார், தன் கருவிக்கு வராததை விட்டுவிடுவார். ஒரே ஆள் ஒரே வாசிப்பில்கூட மாற்றுவார்: முதல் சுற்றில் அந்த ‘இ’யில் ரோல் போட்டவர், அடுத்த சுற்றில் சும்மா நீட்டிப் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.