கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகள்: வர வேண்டிய பணமும் அது வராமல் போகும் வழிகளும்

2021 மே 29ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்காக மத்திய அரசு பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 10 லட்சம் ரூபாய் தரும் ஒரு திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு அரசு, அத்தகைய குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி, உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய், ஒருவரை மட்டும் இழந்திருந்தால் உயிரோடு இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ 3 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. பின்னணி இவ்வளவு போதும்.

அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இப்போதுதான் பள்ளியில் சேரும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அறிவிப்பு பழையதாகிவிட்டது என்று அலுவலகம் மறந்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளையை வளர்ப்பவர் மறந்துவிட முடியாது. பணம் வந்த குடும்பங்களிலும் முழுதாகப் பெறாதவை இருக்கின்றன. வராத குடும்பங்களில் பல, தகுதி இல்லாததால் விடுபட்டவை அல்ல. ஏதோ ஒரு காகிதத்தில், ஏதோ ஒரு மேசையில் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவை.

முதல் தடை இறப்புச் சான்றிதழ். “இதில் கொரோனா என்று இல்லையே” என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! நகராட்சியோ பேரூராட்சியோ தருகிற இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்கவே இருக்காது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 17ஆம் பிரிவு, பதிவேட்டிலிருந்து தரும் நகலில் காரணத்தை வெளியிடக் கூடாது என்றே சொல்கிறது. சட்டமே போடக் கூடாது என்று சொன்ன ஒன்றை, ‘போட்டு வாருங்கள்’ என்று கணவனை இழந்த பெண்ணிடம் கேட்பது என்ன நியாயம்? காரணம் எழுதப்படும் காகிதம் வேறு. மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் படிவம் 4ஏ. இவை சிகிச்சை அளித்த மருத்துவர் கையெழுத்திடும் இறப்புக் காரணச் சான்று. அதைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

அந்தச் சான்றிலும் ‘நிமோனியா’, ‘மாரடைப்பு’, ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் இருந்தால்? மனம் தளர வேண்டாம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு, வீட்டில் நேர்ந்திருந்தாலும் கொரோனா இறப்பாகவே கொள்ளப்படும். மருத்துவமனையில் சேர்ந்து 30 நாட்களைத் தாண்டியும் அங்கேயே சிகிச்சையில் இருந்து இறந்தவருக்கும் இது பொருந்தும். ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு மட்டுமே ஆதாரம் என்பதும் பொய். ரேபிட் ஆன்டிஜன் பரிசோதனை செல்லும். உள்நோயாளியாக இருந்தபோது மருத்துவர் பரிசோதனைகளின் அடிப்படையில் கொரோனா என்று கணித்திருந்தால் அதுவும் செல்லும். ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிந்து கொரோனா வார்டில் வைத்துச் சிகிச்சை அளித்துவிட்டு, பிறகு ‘பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லை’ என்று கைவிரித்த இடங்கள் உண்டு. அந்த ஸ்கேன் அறிக்கையையும் டிஸ்சார்ஜ் அல்லது இறப்புச் சுருக்கத்தையும் எடுத்துக்கொண்டு, இறப்பு கொரோனாவால்தானா என்று முடிவுசெய்யும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு உரிய 50,000 ரூபாய் கருணைத் தொகையை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்று 2021 அக்டோபர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிகிச்சைப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆகவே மருத்துவமனையில் கேட்கும்போது வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ‘அழித்துவிட்டோம்’ என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் இருந்தால், ஆவணம் இல்லாதது உங்கள் குற்றம் அல்ல என்று குழுவின் முன் காட்டலாம். வீட்டில் பழைய செல்போன் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பரிசோதனை முடிவு அதில் குறுஞ்செய்தியாக வந்திருக்கலாம்.

இனி, எந்தக் கதவு மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பார்ப்போம். பி.எம். கேர்ஸ் திட்டத்தில் இழப்பு 11.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தில் நேர்ந்திருக்க வேண்டும். அன்று குழந்தைக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஒரு பெற்றோரை முன்பே வேறு காரணத்தால் இழந்து, மிஞ்சியிருந்தவரைக் கொரோனாவில் இழந்த குழந்தையும் இதில் அடங்கும். ‘இருவரும் கொரோனாவில்தான் இறந்திருக்க வேண்டும்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 5 லட்சத்துக்கும் அதே நிலைதான்.

50,000 ரூபாய்க்கு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்தது. ஆனால் கடுமையான சிரமத்தால் கெடுவுக்குள் விண்ணப்பிக்க முடியாதவர்கள் குறைதீர்ப்புக் குழுவை அணுகலாம் என்ற வழியையும் விட்டுவைத்தது. பிரசவம் முடிந்து படுத்திருந்தேன், ஊர் மாறினேன், சான்றிதழ் தாமதமாக வந்தது என்பவை எல்லாம் சிரமம்தான். அதைத் தேதியோடு எழுதுங்கள்.

கொரோனா என்று நிரூபிக்கவே முடியவில்லை என்றாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைத்தான் அலுவலகங்கள் தாமாகச் சொல்வதில்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் நிதி ஆதரவு உதவி, ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். இதற்குத் தந்தை எந்த நோயில் இறந்தார் என்பது கேள்வியே இல்லை. தாய் கைம்பெண்ணாகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, கணவனால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் போதும். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளும், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள பிள்ளைகளும் இதில் வருவார்கள். கொரோனா ஆவணங்களுக்காக அலைந்து களைத்த தாய்மார்கள் பலர், இந்த உதவிக்குத் தகுதி இருந்தும் ஒரு முறைகூட விண்ணப்பித்ததில்லை. அதே சமயம், ‘தந்தையை இழந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 4,000 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி, படிவத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்பதும் உண்மை அல்ல.

ஏனென்றால் வருமான வரம்பு இருக்கிறது: கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மிகப் பெரிய பொறி இதுதான். கணவர் இருந்தபோது, வேறு தேவைக்காக எடுத்த வருமானச் சான்றிதழை அப்படியே இணைத்துவிடுகிறார்கள். இறந்தவருடைய சம்பளம் அதில் இருக்கும். விண்ணப்பம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். இறப்புக்குப் பிந்தைய புதிய சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அதற்கு முன்பே ரேஷன் கார்டில் இறந்தவரின் பெயரை நீக்கிவிடுங்கள். பெயர் நீக்காத கார்டைப் பார்த்து, வி.ஏ.ஓ. அவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவார். தாய் தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டால், தாத்தாவின் வருமானத்தோடு கலந்துவிடாமல் தன் வருமானம் இன்னது என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுத வேண்டும். வி.ஏ.ஓ. ‘ஒரு தொகை போட்டுத் தருகிறேன்’ என்றால், என்ன தொகை என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

அடுத்த பொறி இனிஷியல். இறப்புச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் முழுப்பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே மனிதர் என்பது தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. திருத்தம் கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தின் சான்றைக் கேட்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழை முதலில் சரிசெய்யுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு எல்லாம் அதைப் பின்பற்றித்தான் வரும். மாற்றி மாற்றித் திருத்தினால் பழைய தவறு இன்னொரு இடத்தில் புதிதாக முளைக்கும்.

எங்கே போவது என்பதில்தான் பலருடைய நாட்கள் வீணாகின்றன. போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மாவட்ட சமூக நல அலுவலகம் வேறு. அங்கே விதவை மறுமணம், திருமண உதவி, பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து அங்கே காலையிலிருந்து உட்கார்ந்து, மாலையில் ‘இங்கே இல்லை, அம்மா’ என்று கேட்டு வீடு திரும்பியவர்கள் பலர். பாதுகாப்பு அலகு சில மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் 1098 என்ற எண்ணை அழைத்து முகவரி கேளுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தை என்றால் குழந்தை நலக் குழுவின் முன்பும் போக வேண்டியிருக்கும். ‘பிள்ளையைப் பிடுங்கி விடுதியில் போட்டுவிடுவார்கள்’ என்ற பயத்தில் பாட்டிகள் பலர் அங்கே போவதே இல்லை. குடும்பத்தில் வளர்வதற்குத்தான் முன்னுரிமை, விடுதி கடைசி வழி என்பதே இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படை. மாதாந்திர உதவி கொடுப்பதே பிள்ளை வீட்டில் இருப்பதற்காகத்தான்.

மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். அங்கே எண் விழும். ‘நிதி இல்லை’, ‘சீனியாரிட்டி வரவில்லை’, ‘மேலே அனுப்பிவிட்டோம்’ என்பவை பதில் அல்ல. என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, நிராகரித்திருந்தால் எந்த விதியின்படி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. 30 நாட்களில் பதில் தர வேண்டும். பல நேரங்களில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகர ஆரம்பித்துவிடுகிறது. ஒரு குழந்தையின் பாலுக்கும் நோட்டுப் புத்தகத்துக்குமான பணத்தை வாங்க இவ்வளவு சட்டம் பேச வேண்டியிருப்பது வேதனைதான்.

தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் ‘அன்புக் கரங்கள்’ என்று மாதம் 2,000 ரூபாய் திட்டமும் தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாதவர்களுக்கும் உரியது. அதே பாதுகாப்பு அலகில் இதையும் சேர்த்து விசாரித்துவிடுங்கள். இரண்டு முறை அலைய வேண்டாம்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அங்கன்வாடியை விட்டுவிடக் கூடாது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு ஊட்டச்சத்து உணவு என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 தரும் உரிமை. தாயோடு ஊர் மாறிய குழந்தையை ‘பழைய ஊரில் பதிவு இருக்கிறது, அங்கேயே போங்கள்’ என்பார்கள். பெயரை மாற்றிக்கொடுப்பது ஊழியரின் வேலை. குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்று சத்துமாவை நிறுத்துவதும் தவறு, தாயின் ஆதாரே போதும். கொரோனா ஊரடங்கில் மையங்கள் மூடிக் கிடந்தபோதும் உணவு வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் அரசின் நிலைப்பாடு. உணவு தராவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படியாகப் பணம் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பெருந்தொற்றோ வெள்ளமோ வந்து மையம் மூடினால் இதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

பணம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள். பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 10 லட்சம் என்பது பதினெட்டு வயதில் கைக்கு வராது. பதினெட்டு முதல் மாத உதவித்தொகை, இருபத்து மூன்று வயதில்தான் 10 லட்சம். தமிழ்நாட்டு அரசின் 5 லட்சம் பதினெட்டு வயது நிறைவில் வட்டியோடு வரும். வைப்புப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் இந்த வாரமே பாதுகாப்பு அலகில் எழுதிக் கேட்டு வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பி.எம். கேர்ஸ் குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு. அந்த அட்டையே கைக்கு வராமல் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய் கல்வி உதவியும் உண்டு. இப்போது முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அது தானாகத் தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளிச் சேர்க்கைச் சான்றோடு போய்க் கேளுங்கள்.

பராமரிக்கும் தாத்தாவோ பாட்டியோ இறந்துவிட்டாலும், குழந்தை சித்தி வீட்டுக்கு மாறினாலும், அதே மாதம் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவித்துக் கணக்கை மாற்றுங்கள். மௌனமாக இருந்தால் பணம் நின்றுபோகும். இந்தத் தொகைகளைக் காட்டி, ‘பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடு’ என்று யாராவது வந்தால், உறவினரே ஆனாலும் போடாதீர்கள். வெறுமனே முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துக் குழந்தையைத் தத்துக் கொடுப்பது செல்லாது. பணம் கைமாறினால் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படி யாராவது நெருக்கினால் அன்றைக்கே 1098ஐ அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.