கணக்கு உங்கள் பெயரில், பாஸ்வேர்டு யாரிடம்?

பங்குச்சந்தை வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்றதும் பெரிய கம்பெனிகள், கோடிக்கணக்கில் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்களில் கணிசமான பேர், வாழ்க்கையில் ஒரு பங்குகூடத் தன் கையால் வாங்கியிராதவர்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கும். அதில் அவர்கள் பெயர் இருக்கும், பான் எண் இருக்கும், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கின் எண் இருக்கும். வாங்கி விற்றது மட்டும் வேறு ஒருவர்.

அப்படி வந்த ஒரு டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்றவர். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் நோட்டீஸையும், அதோடு பென்ஷன் வரும் பாஸ்புக்கையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். பாஸ்புக் எதற்கு என்று கேட்டேன். “பென்ஷனை நிறுத்திடுவாங்களா சார்?” என்றார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

நோட்டீஸ் வந்தது 2021-ல். கேட்டிருந்ததோ 2015-ல் நடந்த வர்த்தகத்தைப் பற்றி. பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருந்தது. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு கம்பெனியின் பங்கு ஆப்ஷனை (பங்கைக் குறிப்பிட்ட விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்), ஒரு புதன்கிழமை காலை 11 மணி 2 நிமிடத்துக்கு ரூ.4-க்கு வாங்கியிருக்கிறார். 11 மணி 5 நிமிடத்துக்கு அதையே ரூ.29-க்கு விற்றிருக்கிறார். யாரிடம் வாங்கினாரோ அதே ஆளிடம். இடைப்பட்ட 3 நிமிடத்தில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை அசையவே இல்லை.

டீச்சரம்மா அந்த நேரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “புதன்கிழமை 11 மணின்னா நான் கிளாஸ்ல இருந்திருப்பேன் சார்” என்றார்.

உண்மைதான். கணக்கைத் திறந்து கொடுத்தது நாத்தனார் மகன். “அத்தை, ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னவர் அவர். படிவத்தில் இருந்த மொபைல் எண் அவருடையது, மின்னஞ்சலும் அவருடையது. வங்கிக் கணக்கு மட்டும் அத்தையுடையது, அதற்கும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகள் அவரிடம் இருந்தன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அவன் நல்ல பையன் சார், தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டான்” என்றும் சொன்னார்.

அந்த நோட்டீஸின் பின்னணி பெரியது. 2014 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை மும்பைப் பங்குச்சந்தையான பிஎஸ்இ-யின் பங்கு ஆப்ஷன் பிரிவில் நடந்த வர்த்தகத்தைச் செபி ஆராய்ந்தது. அதில் நூற்றுக்கு 80-க்கும் மேல் இப்படி யாரிடம் வாங்கினாரோ அவரிடமே திருப்பி விற்ற வர்த்தகம். யாரும் சீந்தாத ஆப்ஷன்களில் இரண்டு கணக்குகள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏற்றி இறக்கினால், ஒரு கணக்கில் லாபமும் இன்னொரு கணக்கில் நஷ்டமும் தேவைப்பட்ட அளவுக்கு உருவாகிவிடும். இதில் சிக்கிய கணக்குகளின் எண்ணிக்கை 14,720. எல்லோரும் சூத்திரதாரிகளாக இருந்திருக்க முடியாது. ஆனால் நோட்டீஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போகும், ஏனென்றால் செபிக்குத் தெரிந்தது கணக்கின் பெயர்.

இங்கேதான் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போலீஸ் வழக்கில், குற்றம் செய்யும் எண்ணம் இருந்ததா என்பது பெரிய கேள்வி. செபி விதிக்கும் அபராதத்தில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு எடை கிடையாது. ஸ்ரீராம் மியூச்சுவல் ஃபண்ட் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: விதி மீறப்பட்டது உறுதியானால் அபராதத்துக்கு அது போதும், மனத்தில் என்ன எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அப்புறம் 2016-ல் கிஷோர் அஜ்மேரா வழக்கு. நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும் என்றது அந்தத் தீர்ப்பு. வாங்கிய நேரம், விற்ற நேரம், எதிரில் இருந்த ஆள், விலை வித்தியாசம் எல்லாம் அட்டவணையில் வரிசையாக நிற்கும்போது, “எனக்கு எதுவும் தெரியாது” என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து எதிர்வாதம் செய்வது மிகவும் கஷ்டம்.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். மோசடியான வர்த்தகத்துக்குச் செபி சட்டத்தின் 15எச்ஏ பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி, அல்லது கிடைத்த லாபத்தின் 3 மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. டீச்சரம்மாவின் கணக்கில் அந்த வர்த்தகத்தால் வந்த லாபம் 5 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வந்ததும் மறுநாளே காசோலையில் வெளியே போயிருந்தது.

இந்த மாதிரி நோட்டீஸோடு வருகிறவர்களில் பெண்கள் நிறைய. கணவர், கொழுந்தன், மகன், மருமகன் என்று யாராவது ஒருவர் கணக்கைத் திறந்திருப்பார்கள். வீட்டில் நம்பிக்கையாகப் போட்ட கையெழுத்து அது. யாரும் யாரையும் ஏமாற்ற நினைத்தே இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஐபிஓ-வில், அதாவது ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது, கூடுதலாக ஒரு விண்ணப்பம் போடலாம் என்று அம்மாவின் பெயரில் ஆரம்பித்திருப்பார்கள். கணக்கு இருக்கிறதே என்று மெல்ல மெல்ல அதில் தன் வர்த்தகத்தையும் செய்வார்கள். தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கைத் தன் பெயரில் வாங்கினால் கேள்வி வரும் என்று மனைவி பெயரில் வாங்குகிறவர்களும் உண்டு. வெளியே தெரியாத கம்பெனித் தகவலை வைத்து வாங்கி விற்கும் உள்தகவல் வர்த்தக வழக்குகளில் செபி முதலில் பார்ப்பதே குடும்பத்தாரின் கணக்குகளைத்தான். அந்தப் பிரிவில் குறைந்தபட்ச அபராதம் 10 லட்சம்.

அடுத்தவர் பெயரைப் பயன்படுத்துவது புதிதும் அல்ல. 2005-ல் வெளிவந்த ஐபிஓ மோசடியில், சிறு முதலீட்டாளர்களுக்கு என்று ஒதுக்கிய பங்குகளை அள்ளுவதற்கு ஆயிரக்கணக்கான போலி, பினாமி டீமேட் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. அதற்கப்புறம் பான் கட்டாயமானது, கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு இறுகியது. போலிப் பெயரில் கணக்குத் திறப்பது இப்போது கஷ்டம். அதனால்தான் இன்னொருவரின் உண்மையான கணக்குக்கு இவ்வளவு கிராக்கி. “உங்க கணக்கைக் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றேன்” என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறவர்களுக்கு உங்கள் முதலீடு வேண்டாம், உங்கள் பான் எண்தான் வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. “லாகின் கொடுங்க, நான் டிரேடு பண்ணித் தர்றேன், லாபத்துல பாதி” என்பவர்கள். அடுத்தவர் முதலீட்டைக் கையில் வாங்கி நிர்வகிப்பதற்கு போர்ட்ஃபோலியோ மேனேஜராகச் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தவர் ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடிய குறைந்தபட்ச முதலீடு 50 லட்சம் ரூபாய். ஆக, உங்கள் 3 லட்சத்தை ஒருவர் நிர்வகித்துத் தருகிறேன் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் செய்வது சட்டப்படியான தொழில் கிடையாது. வேறு கணக்கு எதுவும் போட்டுப் பார்க்க வேண்டாம், இந்த 50 லட்சத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் 2021-22 முதல் 2023-24 வரையான 3 ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. அந்தக் களத்தில் மாதாமாதம் நிச்சய லாபம் தருகிறேன் என்கிறார்கள்.

பாஸ்வேர்டைக் கொடுத்தவர் இழப்பது பணத்தை மட்டும் அல்ல, வழக்கையும்தான். வாடிக்கையாளர் சொல்லாமல் புரோக்கர் வர்த்தகம் செய்துவிட்டதாகத் தகராறு வந்தால், ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரத்தைப் புரோக்கர்தான் காட்ட வேண்டும். 2018 மார்ச்சில் செபி போட்ட சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஃபோன் பதிவு, மின்னஞ்சல், எஸ்எம்எஸ், ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். முதலீட்டாளருக்கு இது பெரிய ஆயுதம். இந்த ஒரே சுற்றறிக்கையால் பணம் திரும்பக் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் லாகினில், உங்கள் ஓடிபி-யைப் போட்டு, உங்கள் ஆள் ஆர்டர் கொடுத்திருந்தால் புரோக்கர் காட்டும் பதிவு என்ன சொல்லும்? ஆர்டர் கொடுத்தவர் நீங்கள் என்றுதான் சொல்லும். நிச்சய லாபம் பேசிப் பணம் கொடுத்திருந்தால் சந்தையின் குறைதீர்ப்பு ஏற்பாடுகளும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியும் உதவாது. பங்குச்சந்தைகள் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, நோட்டீஸ் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

அது தண்டனை அல்ல, கேள்வி. அபராத விசாரணைக்கான நோட்டீஸில் பதில் சொல்லக் குறைந்தது 14 நாள் தருவார்கள். வந்து சேர்ந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸுக்கு முன்னால் விசாரணைக் கட்டத்தில் தகவல் கேட்டு சம்மன் வந்திருந்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கேட்ட தகவலைக் கொடுக்காததற்கே தனி அபராதம் உண்டு, குறைந்தது 1 லட்சம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, பயத்திலும் கோபத்திலும் “எனக்கு ஒன்றும் தெரியாது, கணக்கை என் உறவினர்தான் நடத்தினார்” என்று இரண்டு வரி எழுதி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் வக்கீலிடம் வருவது. அந்த இரண்டு வரியில், கணக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்ததை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதற்கு ஆதாரமாக எதையும் வைக்கவும் இல்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் காகிதத்தோடு சொல்ல வேண்டும். கணக்குத் திறக்கும் படிவத்தின் நகல், அதில் இருந்த மொபைல் எண் யாருடையது, எந்த ஐபி முகவரியிலிருந்து ஆர்டர் போனது, எல்லாவற்றுக்கும் மேலாக வங்கிக் கணக்கு விவரம். லாபம் யார் கைக்குப் போனது என்பதை வங்கி விவரம் சொல்கிற மாதிரி வேறெதுவும் சொல்லாது. செபி எந்த ஆவணங்களை நம்பி நோட்டீஸ் அனுப்பியதோ அவற்றைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விசாரணை அறிக்கையில் உங்களுக்குச் சம்பந்தப்பட்ட பகுதியையும் கேட்கலாம். டகானோ வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பேசித் தீர்த்துக்கொள்ள விரும்பினால் செட்டில்மென்ட் விண்ணப்பத்துக்கு 60 நாள்தான் நேரம்.

பதிலே போடாவிட்டால், இருக்கிற ஆவணங்களை வைத்து உத்தரவு வந்துவிடும். அதை எதிர்த்து 45 நாளுக்குள் மும்பையில் இருக்கும் பங்குச்சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், செபி சட்டம் அந்த வழியை அடைத்திருக்கிறது. 45 நாளும் போய், பணமும் கட்டவில்லை என்றால் வசூல் அதிகாரி வங்கிக் கணக்கை முடக்குவார். ஏடிஎம்-மில் பணம் வராமல் போன பிறகுதான் வழக்கு இருப்பதே தெரிந்தது என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸ் எல்லாம் படிவத்தில் இருந்த மின்னஞ்சலுக்கும் பழைய முகவரிக்கும் போயிருக்கும். மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்திருப்பார்.

அதனால் வீட்டில் யார் பெயரிலெல்லாம் டீமேட் கணக்கு இருக்கிறதோ, அவர்களிடம் இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: எஸ்எம்எஸ் யார் ஃபோனுக்கு வருகிறது? வயதான பெற்றோரால் கணக்கைத் தாங்களே கவனிக்க முடியவில்லை என்றால், புரோக்கரிடமும், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியிடமும் முறைப்படி பவர் ஆஃப் அட்டர்னி பதிந்து பிள்ளைகள் நடத்தலாம். அப்போது நடத்துகிறவர் யார் என்பது பதிவிலேயே இருக்கும். பயன்படுத்தாத கணக்கை மூடிவிடலாம். கணக்கில் ஏதோ சரியில்லை என்று பட்டால், ஆன்லைன் வர்த்தகத்தை உடனே முடக்கச் சொல்லும் வசதியை 2024 ஜூலை முதல் புரோக்கர்கள் கொடுத்தாக வேண்டும்.

டீச்சரம்மாவின் வழக்கு விசாரணை வரை போகவில்லை. 2022-ல் இந்த ஆப்ஷன் விவகாரத்துக்கென்றே செபி ஒரு செட்டில்மென்ட் திட்டம் கொண்டுவந்தது. அவர் கணக்கில் இருந்தது இரண்டே கான்ட்ராக்ட். 1 லட்சம் ரூபாய் கட்டி முடித்துக்கொண்டார். பணத்தை நாத்தனார் மகன்தான் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

முடிந்த அன்று, அந்தக் கணக்கை மூடிவிடலாம் என்று என் மேசையில் உட்கார்ந்தே புரோக்கரின் தளத்தைத் திறந்தோம். பான் எண்ணைப் போட்டதும் ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. டீச்சரம்மா தன் ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் தெரிந்த மொபைல் எண்ணின் கடைசி நான்கு எண்களைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் மகனுக்கு ஃபோன் போட்டார்.