வரைபடத்தைப் பார்த்து சர்வர் வாங்காதீர்கள்

"சிங்கப்பூரைவிட மும்பை பக்கம்தானே? அங்கேயே சர்வர் எடுத்துவிடலாமா?" சென்னை வாடிக்கையாளர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் மும்பைதான் வெல்லும். ஆனால் அளக்காமல் நான் சொல்ல மாட்டேன். கணினிகளுக்கு இடையிலான தூரம் என்பது ஒரு பாக்கெட், அதாவது சிறு தரவுத் துண்டு, போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் மில்லிசெகண்ட் கணக்கு.

அந்தக் கணக்குக்குக் கீழ் எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே போய்வர 1 மில்லிசெகண்ட் ஆனால், எதிர்முனை 100 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். 29 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்தக் கேபிளும் இறங்காது. சிங்கப்பூர் சர்வர் 5 மில்லிசெகண்டில் பதில் தருவதாக யாராவது காட்டினால், பதில் வந்தது வேறெங்கிருந்தோ. கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியைப் பிங் செய்து (பாக்கெட் அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து) திருப்தி அடைபவர்களும் கவனிக்க: அந்த ஒரே முகவரிக்கு உலகின் பல இடங்களில் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

மேல் எல்லை கிடையாது. பாதையைத் தீர்மானிப்பவை இணைய நிறுவனங்களுக்கு இடையிலான வணிக ஒப்பந்தங்கள். ஒரே ஊரின் இரு நிறுவனங்கள் அந்த ஊரில் இணைந்துகொள்ளாவிட்டால், எதிர்த் தெருக் கணினிக்கான பாக்கெட் வேறொரு நகரத்தைச் சுற்றித்தான் வரும். அ-விலிருந்து இ-க்கு நேரே போவதைவிட ஆ வழியாகப் போவது விரைவாக இருக்கும் விநோதமும் இங்கே சகஜம். அப்படியானால் ஒவ்வொரு இணையையும் அளந்துவிடலாமா? ஆயிரம் கணினிகள் என்றால் கிட்டத்தட்ட 5 லட்சம் இணைகள். எல்லாவற்றையும் அளக்க முடியாது. 2004-இல் வெளிவந்த விவால்டி முறை, சில அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு கணினிக்கும் ஆயத்தொலைவுகள் தந்து மற்றத் தூரங்களைக் கணிக்கிறது. பல சர்வர்களில் ஓடும் சேவைகளை இணைக்கும் கன்சல் மென்பொருளில் அது இன்றும் இருக்கிறது. மேற்சொன்ன விநோதம் நேரும் இடத்தில் அதுவும் தடுமாறும்.

பிங் முடிவில் சராசரியைவிடக் குறைந்தபட்ச எண்ணைப் பாருங்கள். பாதையின் நீளத்துக்கு நெருக்கமானது அதுதான். சராசரியில் நெரிசலும் உங்கள் வீட்டு வைஃபையும் கலந்திருக்கும். இரவு 9 மணிக்குச் சராசரி மட்டும் எகிறினால், சர்வரை ஊர் மாற்றுவது வீண் செலவு. வழியிலுள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு ரூட்டர் 200 மில்லிசெகண்ட் காட்டி அடுத்தது 30 காட்டினால் பதற வேண்டாம்: பாக்கெட்டைக் கடத்துவது ரூட்டரின் முதல் வேலை, நமக்குப் பதில் எழுதுவது ஒழிந்த நேரத்தில்தான்.

பணம் கட்டும் முன் சோதனை முகவரி ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மொபைல் இணைப்புகளிலிருந்தே அளந்து பாருங்கள். முகவரி தரத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.