தடைத்திறனா, மின்தடை எண்ணா?

ஒரு பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் கணியம் தடைத்திறன், ஆங்கிலத்தில் ரெசிஸ்டிவிட்டி. அதற்கு அலகு உண்டு. ஓம் மீற்றர். அலகு உள்ள ஒரு கணியத்தை ‘எண்’ என்று கூப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் உயர்தரப் பௌதிகவியல் விடைத்தாளில் ‘மின்தடை எண்’ என்று எழுதுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையகத்தில் பௌதிகவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது. கைத்தொலைபேசியில் கிடைப்பதோ தமிழ்நாட்டுக் காணொளிப் பாடம். பாடம் நல்ல பாடம்தான். சொல்தான் தகராறு: நாம் தடைத்திறன் என்பதை அங்கே மின்தடை எண் என்கிறார்கள். அண்மையில் அச்சிட்டு வந்த ஒரு மாதிரி வினாத்தாளே முதல் வினாவில் ‘தடைத்திறன்’ என்றும் நான்காம் வினாவில் ‘தடை எண்’ என்றும் போட்டிருந்ததைப் பார்த்த பிறகு, இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

வேர்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ஓடு என்ற வினையிலிருந்து ஓட்டம். ஆங்கிலத்தின் கரண்ட் என்ற சொல்லும் ‘ஓடுதல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்ததே. மின்னோட்டம் என்பதில் யாருக்கும் வழக்கில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் ‘கரண்ட்’ என்போம், விடைத்தாளில் மின்னோட்டம் என்போம், அம்பியரில் அளப்போம். கொடு என்பது கொடை ஆவதுபோல, விடு என்பது விடை ஆவதுபோல, தடு என்பது தடை. அதைத் தருவதற்கென்றே செய்த பொருள் தடையி. கடத்துவது கடத்தி, ஏற்றத்தைக் கொள்வது கொள்ளளவி என்ற அதே வரிசை. தமிழ்நாட்டில் இதை மின்தடையாக்கி என்றும் மின்தடையம் என்றும் சொல்கிறார்கள். சுற்று வரைபடத்தில் ஆறு தடையிகளுக்குப் பெயர் எழுதிப் பார்த்தவருக்கு எது வசதி என்று தெரியும்.

இனிச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருள். தடை ஒரு கம்பித்துண்டுக்கு உரியது. தடைத்திறன் அந்தக் கம்பி ஆகியிருக்கும் உலோகத்துக்கு உரியது. கம்பியின் நீளத்தை இரட்டித்தால் தடை இரட்டிக்கும், குறுக்குவெட்டுப் பரப்பை இரட்டித்தால் தடை பாதியாகும். இரண்டிலும் தடைத்திறன் அசையாது. அது அசைய வேண்டுமென்றால் உலோகத்தை மாற்ற வேண்டும், அல்லது வெப்பநிலையை மாற்ற வேண்டும்.

தோட்டத்துக் கணக்கு ஒன்றைப் போடுவோம். மின்மாற்றி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, லயம் 500 மீற்றர் தள்ளி இருக்கிறது. கம்பி அலுமினியம், குறுக்குவெட்டு 16 சதுர மில்லிமீற்றர். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து 1000 மீற்றர். ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உள்ள அலுமினியக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.028 ஓம். ஆகவே நம் கம்பியின் தடை 1.75 ஓம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டு 10 அம்பியர் ஓடினால், வழியிலேயே 17.5 வோல்ற்று இழந்துவிடும். 230இல் புறப்பட்டது லயத்துக்கு வரும்போது 212 ஆகிறது. விளக்கு மங்குவது இதனால்தான். அதே தடிப்பில் செம்புக் கம்பி போட்டால் இழப்பு ஏறத்தாழ 11 வோல்ற்று. இங்கே நீளமும் தடிப்பும் மாறவில்லை. மாறியது தடைத்திறன் மட்டும். ஹட்டன் கடைவீதியில் வாங்கும் ஹீட்டர் கொயில் நைக்குரோமால் ஆனது. அதே ஒரு மீற்றர், ஒரு சதுர மில்லிமீற்றர் அளவில் அதற்கு ஏறத்தாழ 1.1 ஓம், செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல். கொயில் சிவப்பதும் அதற்குப் போகும் செம்பு வயர் சிவக்காமல் இருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

(லக்ஷபானவில் 1950இலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் தேயிலை மலைகளின் தலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. கீழே லயங்களில் பல பத்தாண்டுகளுக்குக் குப்பிவிளக்கு எரிந்தது. அதற்குக் கம்பியின் தடை காரணமில்லை. அது வேறு கட்டுரை.)

இப்போது ‘எண்’ணுக்கு வருகிறேன். எண் என்று முடியும் கலைச்சொற்கள் சிலவற்றைத் தமிழில் எடுத்துப் பாருங்கள். அணுவெண், திணிவெண் இரண்டும் எண்ணிச் சொல்பவை, அலகில்லாதவை. நாம் முறிவுச் சுட்டி என்பதைத் தமிழ்நாட்டில் ஒளிவிலகல் எண் என்கிறார்கள். அது இரண்டு வேகங்களின் விகிதம், அலகு இல்லை, ஆகவே எண் என்பது பொருந்துகிறது. அவகாதரோவைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைப்பவருக்கு: அலகில்லாத எண்ணிக்கையாகச் சொல்லும்போதுதான் அது அவகாதரோ எண், அலகோடு எழுதும்போது அவகாதரோ மாறிலி. இவற்றில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் ஒரு விகுதியை ஓம் மீற்றர் என்ற அலகுள்ள கணியத்தின் வாலில் கட்டியது ஏன்?

என் ஊகம் இது. பழைய பாடங்களில் இந்தக் கணியத்தை ‘ஓரலகு நீளமும் ஓரலகு குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள கடத்தியின் தடை’ என்று வரையறுப்பார்கள். எண்ணளவில் அது சரி. அந்த ‘எண்ணளவில்’ என்பதே பெயருக்குள் புகுந்துவிட்டது போலும். விளைவு என்ன? பிள்ளை மின்தடை எண் என்று எழுதுகிறது, பிறகு அலகாக ஓம் என்று போடுகிறது, அல்லது ஒன்றுமே போடாமல் விடுகிறது. கேட்டால், “எண்தானே சேர்” என்கிறது. சொல் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளை செய்கிறது. புள்ளி போகிறது.

சொல்லின் முன்பாதியிலும் சிக்கல் இருக்கிறது. மின்தடை என்றால் ஊரில் என்ன பொருள்? “திருத்த வேலை காரணமாக நாளை மின்தடை” என்று பத்திரிகையில் போடுவார்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் மின்வெட்டும் மின்தடையும் நாள் தவறாமல் தலைப்புச் செய்தியில் இருந்தன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் இதே வழக்குத்தான். மின்சாரம் இல்லாமல் போவதற்கும், மின்சாரம் ஓடும்போது மட்டும் தன் வேலையைக் காட்டும் ஒரு பண்புக்கும் ஒரே பெயர்! தடை என்று மட்டும் சொன்னால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். வரும், வளித்தடையும் கம்பியின் தடையும் ஒரே கணக்கில் வந்தால். அப்படி ஒரு கணக்கை நான் இதுவரை திருத்தியதில்லை. சுற்றைப் பற்றிப் பேசும்போது தடை என்றால் போதும். ஒவ்வொரு சொல்லின் நெற்றியிலும் ‘மின்’ என்று பொட்டு வைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டார் தடைத்திறனை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு நியாயம் உண்டு. அவர்களுக்குத் திறன் என்றால் வாற்றில் அளப்பது. நாம் அதை வலு என்கிறோம். சக்தி, வலு, விசை என்று நம் பாடநூல்கள் வகுத்துக்கொண்டதால் திறன் என்ற சொல் நம்மிடம் கை ஓய்ந்து நின்றது. பொருளின் இயல்பைக் குறிக்க அதை எடுத்துக்கொண்டோம். அங்கே ஆற்றல், திறன், விசை என்று வகுத்ததால் அவர்களுக்கு அந்தக் கதவு அடைத்துவிட்டது. மின்திறன் ஒன்று, மின்தடைத்திறன் இன்னொன்று என்றால் அவர்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆகவே அவர்கள் வேறு சொல் தேடியது குற்றமில்லை. கிடைத்த சொல்தான் சரியில்லை. தடைமை என்று வைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்: நீர்மை, வெம்மை போல இயல்பைச் சொல்லும் விகுதி, இரண்டெழுத்துக்கு மேல் ஓரெழுத்து.

இன்னொரு சரக்கு அண்மைக் காலத்தில் இறங்கியிருக்கிறது: ‘எதிர்ப்பு’, அதன் வாலாக ‘எதிர்ப்புத்தன்மை’, ‘எதிர்ப்பாற்றல்’. இயந்திர மொழிபெயர்ப்பில் வந்ததை அப்படியே ஒட்டுபவர்களின் கைவேலை பாதி. மீதிப் பாதி சிங்களத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். சிங்களத்தில் தடைக்குப் பிரதிரோதய, தடைத்திறனுக்குப் பிரதிரோதகதாவ. பிரதி என்றால் எதிர்தானே என்று யாரோ அகராதியைத் திறந்து மூடியிருக்கிறார். ஆங்கிலத்தின் ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லின் இலத்தீன் வேரும் ‘எதிர்த்து நிற்றல்’ என்ற பக்கம்தான் சாய்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1827இல் தன் விதியை நூலாக வெளியிட்ட கியோர்க் ஓம் கம்பிகளை எதிர்ப்பாளர்களாக எண்ணி அளக்கவில்லை. இந்தக் கம்பி எவ்வளவு நீளமான ஒரு நியமக் கம்பிக்கு ஈடாகும் என்றே கணக்கிட்டார். சொல்லின் பழைய வேர் வேறு, அறிவியலில் அதற்குக் கிடைத்த பொருள் வேறு.

எதிர்ப்பு என்பதற்கு ஒரு மனம் வேண்டும். சம்பளம் போதாதென்று தொழிலாளர் மலையில் இறங்க மறுத்து நின்றால் அது எதிர்ப்பு. செம்புக் கம்பி எதையும் மறுக்கவில்லை. ஓடும் இலத்திரன்கள் அதிரும் அணுக்களின் அமைப்பில் சிதறி, பெற்ற சக்தியை வெப்பமாக விட்டுச் செல்கின்றன, அவ்வளவுதான். அவற்றைத் திருப்பித் தள்ளும் விசை அங்கே இல்லை. உண்மையிலேயே எதிர்த்து நிற்கும் ஒன்று சுற்றில் உண்டு. மோட்டர் சுழலும்போது அதன் சுருளில் எழும் பின் மின்னியக்க விசை. கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் மோட்டரைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பெருகி, வேகம் பிடித்ததும் தணிவது அதனால்தான். எதிர்ப்பு என்ற சொல்லைக் கம்பிக்கே கொடுத்துவிட்டால் இதற்கு எதைக் கொடுப்பது? தமிழ்நாட்டு வழக்குக்குப் போனால் இன்னும் வேடிக்கை. நாம் நேர், மறை என்பதை அங்கே நேர், எதிர் என்கிறார்கள். சில குறைகடத்திச் சாதனங்கள் காட்டும் மறைத்தடையை அப்போது ‘எதிர் எதிர்ப்பு’ என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்துவிட்டு வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தனித்தனிச் சொல்லாக மொழிபெயர்ப்பதுதான் இந்த நோயின் வேர். கலைச்சொல் குடும்பமாக வாழ்வது. தடை, தடையி, தடைத்திறன், மாறுந்தடையி, அகத்தடை என்று ஒரே கூரையின் கீழ் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி அந்த இடத்தில் ‘எதிர்ப்பு’ என்று வைத்தால் மற்றவை அநாதையாகின்றன. சிங்களத்தார் ‘தாவ’ விகுதியைப் போட்டால் பொருளின் இயல்பு என்று ஒரு முறை வகுத்து அதில் நிற்கிறார்கள். ஆங்கிலத்திலும் 1880களில் ஒலிவர் ஹெவிசைட் என்ற தந்தித்துறைக்காரர், கண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ் என்று ஒரே அச்சில் சொற்களை வார்த்துப் போனார். நம்மிடமும் இத்தகைய மரபு உண்டு: 1930களில் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிலிருந்து போன விபுலாநந்த அடிகள்.

அதற்காக நம் பாடநூல்கள் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. தடைத்திறனின் தலைகீழ் என்ன? ஓரிடத்தில் கடத்துதிறன் என்று இருக்கிறது. வெப்பத்துக்குப் போனால் கடத்தாறு என்று இருக்கிறது. கடத்தும் ஆறு, அதாவது கடத்தும் முறை, என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். இலக்கணம் படித்தவர் மகிழலாம். மகாவலிக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆறு என்றால் ஆறுதான், இல்லையென்றால் ஐந்துக்கு அடுத்தது. இயல்பைச் சொல்லத் திறன் என்று முடிவு செய்தபின் அதை இங்கும் வைத்து, வெப்பக் கடத்துதிறன், மின் கடத்துதிறன் என்று எழுதிவிடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

அப்படி எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடைத்திறனில் த் மிகும்; தடை பெயர்ச்சொல், ஐகாரத்தில் முடிகிறது. கடத்துதிறன் வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல அங்கே வல்லினம் மிகாது. ‘கடத்துத்திறன்’ என்று த் போட்டு அச்சிடும் மெய்ப்புத் திருத்துநர்களோடு ஒவ்வோர் ஆண்டும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.